தோட்டா தொலைக்கும் நேரம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் புல்வெளிகளில் மரங்கள் அரிது, காற்றுக்கோ ஓய்வில்லை. மான் போன்ற புரோங்ஹார்ன் விலங்குகளை அங்கே வேட்டையாடுவோர், ஒளிய இடமில்லாததால் தொலைவிலிருந்தே குறிபார்க்கிறார்கள். விலங்கு 500 மீட்டர் தள்ளி நிற்கிறது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பக்கக்காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 11 கிராம் தோட்டா அங்கே போய்ச்சேர ஏறத்தாழ முக்கால் நொடி ஆகும். அதற்குள் காற்று 3 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. தோட்டாவோ அரை மீட்டர் அளவுக்குத்தான் விலகுகிறது. ஏன்?

முதலில் தொலைவைப் பார்ப்போம். குழலை விட்டு வெளிவந்த கணமே தோட்டா விழத் தொடங்குகிறது. 500 மீட்டரில் அது குழல் நோக்கிய கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் வரை தாழ்ந்திருக்கும். அதற்கு ஈடாகக் குழலைச் சற்றே உயர்த்த வேண்டும். புவியீர்ப்பு நம்பகமானது, இன்றும் நாளையும் ஒரே அளவில் இழுக்கும். தொலைவை லேசர் கருவி துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. மலைச்சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், சாய்வான தூரத்தை விட்டுக் கிடைமட்டத் தூரத்துக்கே கணக்கிட வேண்டும். இவை தெரிந்துவிட்டால் உயரக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது.

காற்றின் கணக்கு அப்படியல்ல. அதற்கு அடித்தளம் இட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்ட பலரும் காற்றின் தடையைப் பொருட்படுத்தாதிருந்த காலம் அது. கனமான ஊசலொன்றின் மீது குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தை அளந்தார் ராபின்ஸ். வெவ்வேறு தூரங்களில் அளந்தபோது, காற்று அதன் வேகத்தை எவ்வளவு கடுமையாகக் குறைக்கிறது என்று தெரிந்தது. 1742இல் அவர் வெளியிட்ட நூலைக் கணித மேதை ஆய்லர் 1745இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த ராபின்ஸ், 1751இல் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

பக்கக்காற்றின் புதிரையும் இந்தத் தடைதான் அவிழ்க்கிறது. சுழன்றபடி பறக்கும் தோட்டா, தன்னை எதிர்கொள்ளும் காற்றை நோக்கி மூக்கை இம்மியளவு திருப்பிக்கொள்கிறது. தடை அதைப் பின்னுக்கு இழுக்கும்போது, அந்தச் சாய்வினால் பக்கவாட்டிலும் சிறிது இழுக்கிறது. ஆகவே தடை இல்லையென்றால் விலகலும் இல்லை. வெற்றிடத்தில் இதே தோட்டா 500 மீட்டரை 0.625 நொடியில் கடந்திருக்கும். உண்மையில் 0.76 நொடி ஆகிறது. தடையால் தொலைந்த நேரம் 0.135 நொடி. இதைக் காற்றின் வேகமான 4ஆல் பெருக்கினால் 54 சென்டிமீட்டர். அதுதான் விலகல்!

இந்தக் கணக்கு ஒரு வியப்பையும் விளக்குகிறது. புள்ளி 22 ரகச் சிறு துப்பாக்கியில், ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் தோட்டாவைக் காட்டிலும் ஒலியைவிட மெதுவாகக் கிளம்பும் தோட்டா பக்கக்காற்றில் குறைவாகவே விலகுகிறது. ஒலியின் வேகத்தை ஒட்டித் தடை பெருகுவதால், வேகமான தோட்டாதான் அதிக நேரத்தைத் தொலைக்கிறது.

கணக்கு எளிது, காற்றை அறிவதுதான் கடினம். நேர்க்குறுக்காக வீசும் காற்றுக்கு முழு மதிப்பு. சுடும் திசைக்கு 30 பாகைச் சாய்வில் வீசினால் பாதி மதிப்பு. தேர்ந்தவர்கள் புல்லின் சாய்வையும் பறக்கும் புழுதியையும் பார்க்கிறார்கள். தொலைநோக்கியில் தெரியும் கானலையும் படிக்கிறார்கள்: அது நேர்மேலே எழுந்தால் பக்கக்காற்று இல்லை; சாய்ந்து ஓடினால் அந்தத் திசையில் காற்று. ஆனால் பள்ளத்தாக்கின் இக்கரையில் ஒரு காற்றும் அக்கரையில் வேறொன்றும் வீசலாம். சுடுபவரின் பக்கத்துக் காற்றே பெரும்பாலும் அதிகம் பாதிக்கும். தொடக்கத்தில் விழுந்த சாய்வு கடைசிவரை தொடர்வதே காரணம்.

புரோங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் அமைந்த இடம் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். நடுவைக் குறிபார்த்தால் இருபுறமும் 10 சென்டிமீட்டர்தான் இடம். காற்றின் வேகத்தை நொடிக்கு ஒரே ஒரு மீட்டர் தவறாக மதித்தாலும், 500 மீட்டரில் 13.5 சென்டிமீட்டர் பிசகும். சாவுக்குப் பதிலாக அந்த உயிருக்குக் கிடைப்பது ஆறாத காயம். தோட்டா பறக்கும் முக்கால் நொடியில் விலங்கு ஓரடி எடுத்து வைக்கலாம். அதைத் திருத்த எந்தச் சூத்திரமும் இல்லை. வேட்டைக்கு அனுமதி உள்ள நாட்டிலும் இந்தக் கணக்கை அறிந்தவருக்கு ஒரு கடமை உண்டு: இன்னும் நெருங்கிச் செல்ல வேண்டும், முடியாவிட்டால் சுடக் கூடாது.