சம்பளக் கணக்கும் நாட்காட்டிக் கணக்கும்: பயணத் தொழிலில் குடும்பத்தின் உரிமை

சில மாதங்களுக்கு முன் மஹல்லாவில் ஒரு கணவன் மனைவி பிரச்சினையைப் பேசித் தீர்க்க நாம் அமர வேண்டியிருந்தது. கணவர் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. பெங்களூரு, புனே, அகமதாபாத் என்று மாதத்தின் பெரும்பகுதி பயணத்திலேயே கழியும். தம் தரப்பு நியாயத்துக்கு அவர் வங்கிக் கணக்கின் அச்சுப் பிரதியைக் கொண்டு வந்திருந்தார். மாதம் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் மனைவியின் கணக்குக்குப் பணம் போயிருந்தது. ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

மனைவி கொண்டு வந்திருந்தது, தொழுகை நேரங்கள் அச்சிட்ட ஜமாஅத் நாட்காட்டி. கணவர் இரவில் வீட்டில் தங்கிய நாட்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். பன்னிரண்டு தாள்களையும் புரட்டி எண்ணினோம். வட்டங்கள் எழுபதைத் தாண்டவில்லை. இரண்டு பெருநாட்களில் ஒன்றுக்கு வட்டமே இல்லை.

இருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு கணக்கும் சரியானவைதான். ஆனால் நமது சமூகத்தில் முதல் கணக்கைத்தான் எல்லோரும் கேட்கிறோம். பெண் பார்க்கும்போதும் கேட்கிறோம், பஞ்சாயத்திலும் கேட்கிறோம். இரண்டாவது கணக்கை யாரும் கேட்பதில்லை. மார்க்கம் அதையும் கேட்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் செய்தி.

சஃபர் நமக்குப் புதிதல்ல

பிழைப்புக்காகப் பயணம் செய்வதை இஸ்லாம் குறையாகப் பார்க்கவில்லை. குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் தான் செய்த அருட்கொடையாக அல்லாஹ் குர்ஆனின் 106ஆவது அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். நபி (ஸல்) அவர்களே கதீஜா (ரலி) அவர்களின் சரக்குடன் ஷாம் தேசம் சென்று வணிகம் செய்தவர்கள்.

தமிழ் முஸ்லிம்களுக்கும் இது பழகிய வாழ்க்கை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் ஆண்கள் இலங்கை, பர்மா, மலாயா என்று தலைமுறை தலைமுறையாகச் சென்றார்கள். அவர்களுக்கு 'சபுராளி' என்றே பெயர். 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகு வளைகுடா நாடுகள் அந்த இடத்தைப் பிடித்தன.

ஆனால் அந்தக் காலத்துப் பிரிவுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. காயலிலும் கீழக்கரையிலும் திருமணமான பெண் தாய் வீட்டிலேயே வாழ்வது வழக்கம். மாப்பிள்ளை கடல் கடந்திருந்தாலும் அவளைச் சுற்றி உம்மா, சகோதரிகள், மாமி, அண்டை வீட்டார் இருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் கடிதங்கள் போயின, வந்தன. பிரிவின் வலி இருந்தது. தனிமை குறைவாக இருந்தது.

இன்றைய நிலை வேறு. மருந்து நிறுவனப் பிரதிநிதி, நெடுந்தூர லாரி ஓட்டுநர், கப்பல் பொறியாளர், கடலின் நடுவே எண்ணெய்க் கிணற்றில் 28 நாள் வேலை 28 நாள் விடுப்பு என்று சுழற்சியில் இருப்பவர், தோல் வணிகத்துக்காக ஊர் ஊராகச் செல்லும் ஆம்பூர், வாணியம்பாடிச் சகோதரர், கணினி நிறுவனத்துக்காக மூன்று மாதம் அங்கும் இரண்டு மாதம் இங்குமாக இருக்கும் இளைஞர் எனப் பட்டியல் நீளுகிறது. மேடை மேடையாகப் பயான் செய்யச் செல்லும் ஆலிம்களும் இதில் அடக்கம். நம்மை விட்டுவிட்டு ஊருக்கு உபதேசம் செய்வது முறையாகாது.

இவர்களில் பலருடைய மனைவியர் தாய் வீட்டிலும் இல்லை, மாமியார் வீட்டிலும் இல்லை. ஏதோ ஒரு நகரத்தின் அடுக்குமாடியில், எதிர் வீட்டார் பெயர்கூடத் தெரியாமல், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பயணம் பழைய பயணம்தான். அதைத் தாங்கிய வீடுதான் மாறிவிட்டது.

முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட நபி

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடும் என்றும், வந்த வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வேலை முடிந்த பிறகும் 'இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம்' என்று தங்கும் வழக்கத்துக்கு இதில் இடமில்லை.

மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் செய்தியும் கவனிக்கத்தக்கது. அவரும் அவருடைய வயதை ஒத்த இளைஞர்களும் மதீனா வந்து இருபது நாட்கள் தங்கி மார்க்கம் கற்றார்கள். அவர்கள் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. நபியவர்களே அவர்களின் ஏக்கத்தை உணர்ந்து, வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களோடு இருந்து கற்றுக்கொடுக்கும்படி அனுப்பி வைத்தார்கள்.

நபியின் அவையில் இருந்து தீன் கற்பதைவிடச் சிறந்த காரணம் என்ன இருக்க முடியும்? அந்தக் காரணத்துக்கும் இருபது நாளில் குடும்பம் நினைவூட்டப்பட்டது. தொழில் நடத்தும் நமது சகோதரர்களுக்கும் இதில் பாடம் உண்டு. உங்களிடம் வேலை செய்பவரின் இலக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்கள். வீட்டில் யாரை விட்டு வந்தார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

எவ்வளவு காலம் பிரிந்திருக்கலாம்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவின் தெருக்களில் நடந்து செல்லும்போது, போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் கவி பாடுவதைக் கேட்டார்கள். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதன்படி வீரர்களின் பணிக்காலத்துக்கு எல்லை வகுத்து ஆணையிட்டார்கள்.

இதை வைத்து இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் ஆறு மாதம் என்று கணக்கிட்டார்கள்: போக ஒரு மாதம், தங்க நான்கு மாதம், திரும்ப ஒரு மாதம். தகுந்த காரணமின்றி அதற்கு மேல் நீடித்து, மனைவியும் வரும்படி கோரினால் திரும்ப வேண்டும் என்பது ஹன்பலி மத்ஹபின் சட்டம். மனைவியை நெருங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்குக் குர்ஆன் (2:226) விதிக்கும் கெடுவும் நான்கு மாதம்தான். 2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஒரு மாலுமியைத் தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கும் காலம் 12 மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் தனிமையைக் காதில் கேட்டு ஓர் ஆட்சியாளர் எல்லை வகுத்துவிட்டார்.

'நாங்கள் ஆறு மாதமா போகிறோம்? பத்து நாளில் திரும்பி விடுகிறோமே' என்று சிலர் கேட்கலாம். அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். அவர் எங்கும் பயணம் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. அவரை அழைத்து, உம் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்தால்கூட அந்த உரிமை தள்ளிப்போகக் கூடாது என்றால், வியாபாரத்தால் தள்ளிப்போவது எப்படிச் சரியாகும்?

நாட்டின் சட்டத்திலும் இந்தப் பாகுபாடு இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், ஒரு முஸ்லிம் பெண் மணவிலக்குக் கோரக்கூடிய காரணங்களில், இரண்டு ஆண்டு பராமரிப்புச் செலவு தராததை ஒன்றாகவும், தகுந்த காரணமின்றி மூன்று ஆண்டு இல்லறக் கடமைகளைச் செய்யாததைத் தனியாக வேறொன்றாகவும் வைத்திருக்கிறது. செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டால் எல்லாக் கடமையும் முடிந்தது என்று மார்க்கமும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை.

புறப்படும் முன்

இத்தகைய வேலையை ஏற்கும்போது மனைவியிடம் ஆலோசனை செய்யுங்கள். 'வேலை கிடைத்துவிட்டது' என்று தகவல் சொல்வது ஆலோசனையாகாது. மாதத்தில் எத்தனை நாள் வெளியில், எத்தனை ஆண்டுகளுக்கு, எதற்காக என்ற மூன்றுக்கும் விடை இருக்க வேண்டும். வீட்டுக் கடனா, தங்கையின் திருமணமா? அது முடிந்ததும் பயணமும் குறைய வேண்டும். தேவை முடிந்தும் ஆசை முடிவதில்லை என்பதே பல வீடுகளின் கதை.

தாய் தந்தையரின் சம்மதத்தையும் மறக்க வேண்டாம். அறப்போருக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களுக்குப் பணிவிடை செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பியது நாம் அறிந்ததே.

கொடுக்கல் வாங்கல் விவரங்களையும் வஸிய்யத்தையும் எழுதி வையுங்கள். அவசரச் செலவுக்கான பணம் மனைவியின் கையில் இருக்கட்டும். மருத்துவமனையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மச்சானிடமும் கொழுந்தனிடமும் அவள் கேட்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

பயணத்தில் இருக்கும்போது

முதலில் தொழுகை. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகும். ஓரிடத்தில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்க நினைத்தால் ஹனஃபி மத்ஹபில் கஸ்ர் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவருக்கு இந்தச் சலுகை. ளுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் அதில் அனுமதி உண்டு. ஓட்டுநருக்கும் பிரதிநிதிக்கும் பயணமே தொழில் என்பதால் இந்தச் சலுகை பறிபோய்விடாது. சலுகை இருந்தும் தொழுகையை விடுகிறவர், விடுதி அறையின் தனிமையில் வேறு பலவற்றையும் விட்டுவிடுவார்.

அடுத்து, வீட்டோடு பேசுவது. நேரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு அந்த நேரத்தில் அழையுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். 'ஓதினாயா, படித்தாயா, மதிப்பெண் எவ்வளவு' என்று மூன்று கேள்வியோடு முடிப்பது பேச்சாகாது, அது விசாரணை. மனைவியிடம் 'கேமராவைத் திருப்பு, யார் இருக்கிறார்கள் பார்க்கலாம்' என்று கேட்பது அதைவிடக் கேவலம். குடும்பத்தாரைச் சந்தேகித்து, அவர்களின் குறையைத் தேடி இரவில் திடீரென்று வீட்டுக்கு வருவதை நபியவர்கள் தடுத்தார்கள். அன்று கதவு வழியாகச் செய்யக் கூடாததை இன்று கைப்பேசி வழியாகச் செய்யலாமா?

திரும்பி வரும்போது

வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். தலை வாரிக்கொள்ளவும் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் மனைவிக்கு அவகாசம் கிடைக்கட்டும் என்று நபியவர்கள் காரணமும் சொன்னார்கள். ஊர் திரும்பியதும் அவர்கள் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவார்கள். அவர்களை எதிர்கொள்ள வீட்டுப் பிள்ளைகள் அழைத்துச் செல்லப்படுவார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை ஒருமுறை அப்படித் தம் வாகனத்தில் முன்னால் ஏற்றிக்கொண்டார்கள். அந்தச் சிறுவர் வளர்ந்த பிறகும் மறக்காமல் அதை அறிவித்தார்.

நமது வீடுகளில் என்ன நடக்கிறது? அத்தா வந்த முதல் நாளே வீட்டில் தணிக்கை தொடங்குகிறது. மின்கட்டணம் ஏன் கூடியது, மகன் ஏன் இந்த நேரத்தில் வெளியே போகிறான், இந்தப் பொருளை யார் வாங்கச் சொன்னது? இருபது நாள் தனியாக வீட்டை நடத்தியவள் ஒரே நாளில் குற்றவாளி ஆகிவிடுகிறாள். 'அத்தா எப்போ ஊருக்குப் போவாங்க' என்று பிள்ளைகள் உம்மாவின் காதில் கேட்கும் வீடுகளை நாம் அறிவோம். இது பிள்ளைகளின் குற்றமல்ல. நீங்கள் இல்லாதபோது வீடு எப்படி நடந்தது என்று முதலில் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள். திருத்த வேண்டியதை நாலு நாள் கழித்து, மனைவியிடம் தனியாகப் பேசித் திருத்துங்கள்.

அந்த நாட்காட்டி

தொடக்கத்தில் சொன்ன அமர்வுக்கு வருவோம். வேலையை விட்டுவிடத் தயார் என்று கணவர் கோபத்தில் சொன்னார். அந்தப் பெண் மறுத்தார். "வேலையை விடச் சொல்லல ஹஜ்ரத். வர்ற நாளை முன்னாடியே சொல்லணும். சொன்ன நாள்ல வரணும். வந்தா எங்களோட இருக்கணும், போனுக்குள்ள இருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் அவருடைய கோரிக்கை.

கணவர் வெகுநேரம் அந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுவனத்தில் பேசி, தென் மாவட்டங்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊக்கத்தொகை குறைந்துவிட்டது, அந்தக் குறை அவருக்கு இன்னும் இருக்கிறது. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் இந்த ஆண்டு நாட்காட்டியில் அவரே வட்டமிடுகிறாராம்.

பயணம் புறப்படும்போது நபி (ஸல்) அவர்கள் கேட்ட துஆவில், பயணத்தில் தோழனாகவும், விட்டுச் செல்லும் குடும்பத்துக்குப் பொறுப்பாளனாகவும் அல்லாஹ்வை அழைத்தார்கள். திரும்பி வரும்போது குடும்பத்திலும் செல்வத்திலும் கெடுதியான நிலையைக் காண்பதிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். துஆவை ஓதிவிட்டு நமது பங்கை நாம் செய்யாமல் இருக்கக் கூடாது.

ஊர் ஊராகச் சென்று ஹலாலான ரிஸ்க்கைத் தேடும் நமது சகோதரர்களின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களின் பயணங்களை எளிதாக்கி, கண்குளிர்ச்சி தரும் மனைவி மக்களிடம் நலமாகத் திரும்பச் செய்வானாக. ஆமீன்.