வாடகை வீட்டுக்கும் வெள்ளையடிக்கலாம்

பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் வாடகைக்கு வீடு பிடித்திருப்பவர்கள் உங்களில் பலர் உண்டு. வாடகை மாதா மாதம். நெல் பணமோ அறுவடைக்கு அறுவடைதான். ஆகவே நெல் விற்ற கையோடு, அடுத்த அறுவடை வரைக்குமான வாடகையையும் விதை, உரச் செலவையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மிச்சத்தில்தான் வீட்டு அலங்காரம்.

மிச்சமே கொஞ்சம்தானே என்கிறீங்களா? சுண்ணாம்பு இருக்கவே இருக்கு! வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டு, செலவை வாடகையில் கழிப்பாரா என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்க.

இரும்பு வாளியில் தண்ணீர் ஊற்றி, சுட்ட கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டில் இளகிவிடும். தளதளவென்று கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து, குழந்தைகளைக் கிட்டே விடாதீங்க. மறுநாள் துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, அரிசிக் கஞ்சியும் துளி நீலமும் சேருங்கள். சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு பூச்சு அடிக்கணும். கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் உரிந்துவிடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவரில் இது பிடிக்காது. அதைக் கழுவித் துடைத்தாலே போதும்.

பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும். அதற்காக விதைப் பணத்தில் மட்டும் கை வைக்காதீங்க.