தூய அறைக்கு வெளியே சிலிக்கன் தகட்டின் பயணம்

காலை வேளையில் பலகணி வழியே வீட்டினுள் விழும் வெயிற்கற்றையில் எண்ணற்ற துகள்கள் மிதப்பதை யாவரும் கண்டிருப்பர். அவற்றால் நமக்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் குறைகடத்தித் தொழிலில், தகாத இடத்தில் படியும் ஒரு துகளே ஒரு சில்லைப் பயனற்றதாக்கப் போதுமானது. மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் தகடுகளின்மீது 180 நானோமீட்டர், அதாவது 0.18 மைக்ரான், அளவான நுண்ணமைப்புக்கள் உருவாக்கப்படுகின்றன. அரை மைக்ரான் தூசி அவ்வமைப்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனுடையது. மனிதனின் தலைமயிரோ சுமார் 70 மைக்ரான் தடிப்புள்ளது.

இக்காரணம் பற்றியே இத்தொழில் தூய அறைகளில் நடைபெறுகின்றது. சர்வதேச அளவுத் திட்டத்தின்படி, 5ஆம் வகுப்புத் தூய அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேற்பட்டதுமான துகள்கள் 3,520க்கு மேல் இருத்தலாகாது. 9ஆம் வகுப்பில் அவ்வெண்ணிக்கை 3 கோடியே 52 லட்சம் வரை செல்லலாம். அஃதாவது, பதினாயிரம் மடங்கு வேறுபாடு.

எனினும் தகடு தன் வாழ்நாள் முழுவதையும் ஒரே கூரையின்கீழ்க் கழிப்பதில்லை. வெற்றுத் தகடு ஓர் ஆலையில் மெருகிடப்படும். மற்றோர் ஆலையில் அதன்மீது மின்சுற்றுக்கள் பொறிக்கப்படும். பின்னர் வேறோரிடத்தில் சில்லுகளாக வெட்டப்பட்டு உறையிடப்படும். இடையே சாலைகளும் கிடங்குகளும் விமானங்களும் உள்ளன. அவ்வழியெங்கும் தூய அறையின் சூழ்நிலையை உடன் கொண்டு செல்வதே சிப்பத்தின் வேலை.

பெட்டியின் அமைப்பு

பேரறை முழுவதையும் தூய்மையாக வைப்பதைவிடத் தகடுகளைச் சூழ்ந்துள்ள சிறு பெட்டியைத் தூய்மையாக வைப்பது எளிது என்னும் கருத்தை 1980களின் தொடக்கத்தில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தார் செயற்படுத்தினர். இன்று 300 மில்லிமீட்டர் தகடுகளை ஆலைக்குள் எடுத்துச் செல்ல ‘ஃபூப்’ எனப்படும் முன்புறம் திறக்கும் பெட்டியும், ஆலைகளுக்கிடையே அனுப்ப அதனையொத்த மற்றொரு வகைப் பெட்டியும் வழங்குகின்றன. ஒரு பெட்டியில் பெரும்பாலும் 25 தகடுகள் கொள்ளும். ஒவ்வொன்றும் சுமார் 775 மைக்ரான், அஃதாவது முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிப்பே உடையது.

தூசி வெளியிலிருந்தே வரும் என எண்ணுவது தவறு. வண்டி குலுங்கும்போது தகடு தன் பள்ளத்தில் உராய்ந்து பெட்டிக்குள்ளேயே துகள்களை உண்டாக்கக்கூடும். ஆகவே அனுப்பும் பெட்டியின் கதவில் வில்போல் வளையும் பிளாஸ்டிக் விரல்கள் அமைக்கப்பட்டுள்ளன. கதவை மூடியதும் அவை தகடுகளின் விளிம்பை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுற்றுக்கள் பொறித்த முகத்தை எதுவும் தீண்டுவதில்லை.

உறைக்குள் உறை

இப்பெட்டி அப்படியே அனுப்பப்படுவதில்லை. தூய அறையிலேயே அது நிலைமின்சாரம் தேங்காத பிளாஸ்டிக் உறையொன்றில் இடப்பட்டு மூடப்படும். அதன்மேல், அலுமினியத் தாள் ஒட்டிய இரண்டாவது உறை வரும். இது ஈரத்தையும் வெளி மின்புலத்தையும் தடுக்கின்றது. உறையினுள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பதும், உலர்ந்த நைட்ரஜனை நிரப்புவதும், ஈரமுறிஞ்சிப் பையை இரு உறைகளுக்கும் நடுவே வைப்பதும் உண்டு. இதன் பின்னரே அதிர்ச்சி தாங்கும் நுரை மெத்தையும் அட்டைப் பெட்டியும் சேர்க்கப்படும்.

சாதாரணப் பிளாஸ்டிக் உறை ஏன் ஆகாது? உலர்ந்த தலையில் வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதை மாணவர்க்குக் காட்டலாம். அவ்வாறே உராய்வினால் மின்னேற்றம் பெற்ற உறை தூசியைத் தன்பால் இழுக்கும், சில்லுகளையும் பழுதாக்கும். மனிதன் உணரத்தக்க நிலைமின் அதிர்ச்சி ஏறத்தாழ 3,000 வோல்ட் அளவினது; நுண்ணிய சில சுற்றுக்களோ 100 வோல்ட்டுக்குக் குறைந்த மின்னழுத்தத்திலேயே கெட்டுவிடும். மேலும், சில பிளாஸ்டிக்குகள் இளக்கத்திற்காகச் சேர்க்கப்பட்ட பொருள்களை ஆவியாக வெளிவிட்டுத் தகட்டின்மீது படியச் செய்யும். ஆகவே உறைக்குரிய பொருள் மிகக் கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்படுகின்றது.

காற்றழுத்தமும் ஈரமும்

விமானம் உயரே செல்லும்போது சரக்கறையின் காற்றழுத்தம் நிலமட்ட அழுத்தத்தின் முக்கால் பங்களவிற்குக் குறையக்கூடும். அப்போது பெட்டியினுள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதி இடுக்குகளின் வழியே வெளியேறும். விமானம் இறங்கும்போது அவ்வளவு காற்று மீண்டும் உட்புகும். உறையில்லாவிடின் புகுவது கிடங்கின் தூசிக் காற்று. உறையிருப்பின் உறையினுள் அடைபட்ட தூய காற்றே திரும்பிச் செல்லும்.

குளிர்ந்த சரக்கறையிலிருந்து வந்த சிப்பத்தை உடனே பிரித்தலும் கூடாது. குளிர்ந்த நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதுபோலக் குளிர்ந்த தகட்டின்மீதும் காற்றின் ஈரம் படியும். ஆதலால் அறையின் வெப்பநிலையை அடையும்வரை சிப்பம் மூடியபடியே வைக்கப்பட வேண்டும்.

பிரிக்கும் முறை

செருப்பை வாயிலில் விட்டுக் கால் கழுவி வீட்டினுள் செல்வதை ஒத்தது சிப்பத்தைப் பிரிக்கும் முறை. அட்டைப் பெட்டி நார்த்துகள்களை உதிர்ப்பதாகையால் தூய அறையின் எல்லைக்கு வெளியிலேயே நீக்கப்படும். வெளியுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைக்கப்பட்டு முன்னறையில் கழற்றப்படும். உள்ளுறையுடன் கூடிய பெட்டி, ஒரே சமயத்தில் இரு கதவுகளும் திறவாத கடத்துப் பெட்டியின் வழியே உட்செல்லும். உள்ளுறை தூய அறையினுள்தான் வெட்டப்படும். ஒவ்வொரு வாயிலிலும் ஓர் உறை கழலுவதால், அதன்மீது படிந்த அழுக்கும் அங்கேயே நின்றுவிடுகின்றது. இவ்வொழுங்கு மாறினால் எத்தனை உறைகள் இருந்தும் பயனில்லை.

2023ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் குஜராத்தின் சானந்திலும் அஸ்ஸாமின் ஜாகிரோடிலும் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இத்தகைய ஆலைகளுக்குரிய தகடுகள் வேறிடங்களில் பொறிக்கப்பட்டு வந்து சேர வேண்டியவை. ஆகவே இச்சிப்பங்கள் விஞ்ஞானிகளன்றிக் கிடங்கு ஊழியர், வண்டியோட்டுநர், சோதனை அலுவலர் ஆகியோர் கைகளிலும் புழங்கும். அதிர்ச்சிகாட்டி நிறம் மாறியுள்ளதா, உறை கிழிந்துள்ளதா என்று வெளியிலிருந்தே பார்த்துக் குறித்தல் அவர்தம் கடமை. ‘தூய அறையில் மட்டும் திறக்கவும்’ என்ற குறிப்புள்ள உறையை மேசைமீது வைத்துப் பிரித்தால், நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து பல வாரங்களில் உருவான 25 தகடுகளும் ஒரு நிமிடத்தில் வீணாகலாம். அச்சேதம் அப்போது கண்ணுக்குத் தெரியாது. ஆலையில் சில்லுகளைச் சோதிக்கும்போதுதான் வெளிப்படும்.