தொட்டுப் பார்க்காத மருத்துவம்: குழந்தை நோய்களும் சாதியும்

இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் இன்றும் முன்னிலையில் உள்ளன. இவை அரிய நோய்கள் அல்ல. இவற்றுக்கான மருந்துகள் விலை உயர்ந்தவையும் அல்ல. ஆயினும் குழந்தை இறப்பு எல்லாச் சமூகங்களிலும் சமமாக நிகழ்வதில்லை. 2015-16ஆம் ஆண்டின் நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஐந்து வயதை எட்டும் முன் இறப்போர் பட்டியல் சாதியினரிடையே சுமார் 56 பேர்; பழங்குடியினரிடையே 57 பேர்; பிற்படுத்தப்பட்டோரும் அல்லாத இதர பிரிவினரிடையே 39 பேர்.

வறுமையும் ஊட்டச்சத்துக் குறைவும் தூய குடிநீர் இன்மையும் இதற்கான காரணங்கள். ஆனால் மருத்துவமனை வாசலை அடைந்த பின்னர் அக்குழந்தைக்கு என்ன நிகழ்கிறது? இக்கேள்வி மருத்துவக் கல்வியை நோக்கியது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் வகுத்த ஒருங்கிணைந்த குழந்தை நோய் மேலாண்மை முறையை, பச்சிளங்குழந்தைகளுக்கான பகுதியை விரிவாக்கி இந்தியா ஏற்றுக்கொண்டது. ஐ.எம்.என்.சி.ஐ. எனப்படும் இம்முறை, 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. எக்ஸ்ரேயோ ஆய்வகமோ இல்லாத இடத்திலும் நோயின் தீவிரத்தை வகைப்படுத்த இது கற்பிக்கிறது.

அதன் படிகளைக் கவனியுங்கள். சட்டையை உயர்த்தி, அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு 50, ஐந்து வயது வரை 40; இவ்வெண்ணிக்கையை எட்டினாலோ மிஞ்சினாலோ அது வேகமான மூச்சு. நீரிழப்பை அறிய வயிற்றுத் தோலைக் கிள்ளி விட வேண்டும். தோல் பழைய நிலைக்குத் திரும்ப 2 விநாடிகளுக்கு மேல் ஆனால் அது கடும் நீரிழப்பின் அறிகுறிகளுள் ஒன்று. இரத்தசோகையை அறிய உள்ளங்கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வீக்கத்தை அறியப் பாதங்களை அழுத்த வேண்டும். குழந்தை பால் குடிக்கிறதா, வலிப்பு வந்ததா என்று தாயிடம் கேட்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவை தொடாமல் இயலாதவை. எஞ்சியவை தாயின் சொல்லை மதிக்காமல் இயலாதவை. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே சங்கமித்ரா ஆச்சார்யா மேற்கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, மருந்தைத் தொலைவிலிருந்து தருவது, தொட்டுப் பரிசோதிக்காதது, குறைந்த நேரம் ஒதுக்குவது ஆகியவற்றைப் பதிவுசெய்தது. அத்தகைய இடத்தில் தீண்டாமை மனித மாண்பை மட்டும் சிதைப்பதில்லை; நோயறிதலையே சிதைக்கிறது. எண்ணப்படாத மூச்சில் நிமோனியா தெரியாது. கிள்ளிப் பார்க்கப்படாத தோலில் நீரிழப்பு தெரியாது.

சிகிச்சையிலும் இதே நிலைதான். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தேவை. இரத்தம் கலவாத சாதாரண நீர்ப்போக்குக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. எனினும் 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாவது ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் ஓ.ஆர்.எஸ். பெற்றோர் சுமார் 61 விழுக்காட்டினரே. துத்தநாகம் பெற்றோர் சுமார் 31 விழுக்காட்டினரே. கரைசலைக் கலக்கவும் சிறிது சிறிதாகப் புகட்டவும் தாய்க்குச் செய்துகாட்ட வேண்டும். பொட்டலத்தை மேசைமீது வீசுவது சிகிச்சையாகாது.

வரலாறு வேறொரு பாடத்தையும் தருகிறது. 1971இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகாலனபிஸ், நோயாளிகளின் உறவினர்களிடமே கரைசலை ஒப்படைத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. எளிய மக்களை நம்பியதே அம்மருத்துவத்தின் அடித்தளம்.

மருத்துவ மாணவரின் அறிவைக் கொள்குறி வினாக்களால் மட்டும் அளக்க முடியாது. 50, 40 என்ற எண்களை மனப்பாடம் செய்தவர், சேரியிலிருந்து வந்த குழந்தையின் முன் அமர்ந்து ஒரு நிமிடம் எண்ணுகிறாரா என்பதே உண்மையான தேர்வு. அதை நோயாளியின் படுக்கையருகே நடத்த வேண்டும். பாகுபாடின்றித் தொடுவதும் கேட்பதும் மதிப்பெண்ணுக்குரிய திறனாக வேண்டும். அந்த ஒரு நிமிடம் கருணையால் வழங்கப்படும் சலுகை அன்று, அக்குழந்தையின் உரிமை.