அன்னா லியோனவன்ஸ்: குடும்ப வரலாறு

அன்னா லியோனவன்ஸ் (1831–1915) சயாம் மன்னர் மோங்குட்டின் அரண்மனையில் 1862 முதல் 1867 வரை ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றியவர். இவருடைய நினைவுக்குறிப்புகளைக் கொண்டு மார்கரெட் லேண்டன் 1944-இல் நாவல் எழுதினார். அந்நாவல் 1951-இல் ‘தி கிங் அண்ட் ஐ’ என்ற இசை நாடகமாகவும், 1956-இல் அதே பெயரில் திரைப்படமாகவும் வந்தது. இவர் தம் பிறப்பையும் குடும்பத்தையும் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் புனைவு என்பது இவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது.

சொல்லிக்கொண்ட வரலாறு

1834-இல் வேல்ஸ் நாட்டின் கேர்னார்வன் நகரில் பிறந்ததாக அன்னா கூறிவந்தார். தந்தை கிராஃபோர்டு என்னும் படைத் தலைவர் என்றும், சீக்கியருடன் நடந்த சண்டையில் இறந்தார் என்றும் சொன்னார். கணவர் ராணுவ மேஜர்; புலி வேட்டைக்குச் சென்று வெயில் தாக்கி இறந்தார் என்பதும் அவர் சொன்னதே. லேண்டனின் நாவல் இவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது.

பதிவேடுகளில் கிடைத்த வரலாறு

டபிள்யூ. எஸ். பிரிஸ்டோ சிலந்திகளை ஆராய்ந்த அறிவியலாளர். அன்னாவின் மகன் லூயியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்காகத் தகவல் திரட்டியபோது, கேர்னார்வனில் அன்னாவின் பிறப்புப் பதிவைத் தேடினார். அது அங்கே இல்லை. அவர் தேடியது இந்தியாவில் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் தேவாலயங்கள் பதிந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் மாகாணவாரியாக லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இத்தொகுப்பே இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் குடும்பங்களைத் தேடுவோருக்கு முதல் வாசல். பிரிஸ்டோவின் நூல் 1976-இல் வெளியானது. பின்னர் சூசன் மார்கன் (2008), ஆல்ஃபிரட் ஹேபெகர் (2014) ஆகியோர் தேடலை விரிவாக்கினர்.

பதிவேடுகளின்படி அன்னா பம்பாய் மாகாணத்தின் அகமதுநகரில் 1831 நவம்பரில் பிறந்தார். தந்தை தாமஸ் எட்வர்ட்ஸ் இங்கிலாந்தில் மரச்சாமான் செய்யும் தச்சராக இருந்து, கம்பெனிப் படையில் சார்ஜெண்ட் ஆனவர். மகள் பிறப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே அவர் இறந்துவிட்டார். தாய் மேரி ஆன் கிளாஸ்காட்டுக்கும் அவருக்கும் 1829-இல் தானேயில் திருமணம் நடந்தது. கைம்பெண்ணான மேரி ஆன் பின்னர் பேட்ரிக் டானஹூ என்ற ஐரிஷ் படைவீரரை மணந்தார். அதிகாரிகளின் பங்களாவில் அல்ல, சாதாரணப் படைவீரர்களின் குடியிருப்புகளில்தான் அன்னா வளர்ந்தார்.

1849 கிறிஸ்துமஸ் அன்று புனேயில் அவர் தாமஸ் லியோன் ஓவன்ஸ் என்ற எழுத்தரை மணந்தார். கணவரின் பெயரில் இருந்த இரு சொற்கள் சேர்ந்தே லியோனவன்ஸ் என்ற குடும்பப்பெயர் உருவானது. முதல் இரண்டு குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் அவிஸ், லூயி ஆகியோர் பிறந்தனர். 1859-இல் பினாங்கில் கணவர் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அப்போது அவர் விடுதி மேலாளர். மேஜர் பதவியோ புலி வேட்டையோ எந்தப் பதிவிலும் இல்லை.

பெயரில்லாத பாட்டி

தாய்வழிப் பாட்டனார் வில்லியம் வாட்ரி கிளாஸ்காட் 1810-இல் இந்தியா வந்து, பம்பாய் சுதேசிக் காலாட்படையின் 4-ஆம் ரெஜிமெண்டில் அதிகாரியாக இருந்தார். அவருடைய பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் ஆவணங்களில் உள்ளன. அவர் பிள்ளைகளைப் பெற்ற பெண்ணின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஓர் ஐரோப்பிய அதிகாரியின் ஐரோப்பிய மனைவி இப்படி முற்றிலும் விடுபட்டுப் போவது அரிது. எனவே அவர் ஐரோப்பியர் அல்லர், இந்தியராகவோ கலப்பினத்தவராகவோ இருந்திருக்க வேண்டும் என்பது மார்கனின் முடிவு. இது ஊகமே, ஆனால் அன்னா எதை மறைத்தார் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் கையில் இரு குழந்தைகளுடன் பள்ளி நடத்திப் பிழைத்த கைம்பெண்ணுக்கு, இந்தியாவில் பிறந்த படைவீரர் மகள் என்ற உண்மை எதையும் தந்திருக்காது. ஆங்கிலேயச் சீமாட்டி என்ற அடையாளமே அவருக்கு அரண்மனை வேலையைப் பெற்றுத்தந்தது. அவர் எழுதிய நூல்களைச் சயாமிய வரலாற்றாளர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. குடும்பத்தைப் பற்றிய பொய்களை அதே தட்டில் வைத்து எடைபோட வேண்டியதில்லை.

அந்த அடையாளத்துக்காக அவர் உடன்பிறப்பையும் விட்டார். அக்காள் எலைசா குஜராத்தின் தீசாவில் ஜேம்ஸ் மில்லர்டை மணந்தார். அவர்களின் மகள் எலைசா சாரா, எட்வர்ட் ஜான் பிராட் என்பவரை மணந்தார். அத்தம்பதியின் கடைசி மகன் வில்லியம் ஹென்றி பிராட், 1931-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃப். அன்னா இக்குடும்பத்துடன் தொடர்பை அறுத்துக்கொண்டிருந்தார்.

மறைவு

அன்னா 1915 ஜனவரி 19 அன்று கனடாவின் மொன்றியால் நகரில் காலமானார். மவுண்ட் ராயல் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவருடைய கல்லில், மேஜர் தாமஸ் லார்ன் லியோனவன்ஸின் அன்பு மனைவி என்று பொறிக்கப்பட்டுள்ளது.