கல் குவாரியில் காடும் நடைபாதையும்: ஆரவல்லிக் குன்றில் பெற்ற அனுபவம்

கல் குவாரி ஒன்றில் வேலை நின்றுவிட்டால், நிலம் நாளடைவில் தானே பழைய நிலையை அடைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் குவாரி நிலம் தரிசு நிலத்தைப் போன்றதன்று. தரிசு நிலத்தில் மண் உண்டு. குவாரியிலோ மேல்மண் அகற்றப்பட்டுப் பாறையும் கல்தூளுமே எஞ்சி நிற்கின்றன. செங்குத்தாக வெட்டப்பட்ட பக்கங்களிலிருந்து கற்கள் பெயர்ந்து விழுகின்றன. மழைநீர் தேங்கும் குழிகளுக்குச் சரிவான கரை இல்லாமையால், குளிக்க இறங்கும் சிறுவர்களின் உயிருக்கே அவை ஆபத்தாகின்றன. கவனிப்பாரற்ற குழி விரைவில் குப்பை கொட்டும் இடமாகவும் மாறிவிடுகிறது. இத்தகைய நிலத்தையும் மக்கள் உலாவும் காடாக மாற்ற இயலும் என்பதற்கு, அரியானா மாநிலத்தின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா நல்ல எடுத்துக்காட்டாகும்.

நிலத்தின் வரலாறு

இப்பூங்கா டில்லி எல்லையை ஒட்டிக் குர்கான் நகரில் அமைந்துள்ளது. (2016 முதல் இந்நகரின் பெயர் குருகிராம் என மாற்றப்பட்டது.) இதன் பரப்பு சுமார் 380 ஏக்கர். மிகப் பழமையான மலைத் தொடர்களுள் ஒன்றான ஆரவல்லியின் வடகோடிக் குன்றுகள் இவை. இங்குள்ள கடினமான குவார்ட்சைட் கல் கட்டட வேலைக்காக நெடுங்காலம் உடைத்தெடுக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் இப்பகுதியின் குன்றுகளில் கல்லெடுப்புத் தடுக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் 'அயாம் குர்கான்' என்னும் குடிமக்கள் அமைப்பு, மாநகராட்சியின் ஒத்துழைப்புடன் காடு வளர்க்கும் பணியை இங்குத் தொடங்கிற்று.

பசுமை வேறு, காடு வேறு

பணி தொடங்கியபோது அந்நிலம் வெறுமையாக இருக்கவில்லை. குவாரிக் குழிகளிலும் சரிவுகளிலும் சீமைக் கருவேல் படர்ந்திருந்தது. டில்லி வட்டாரத்தில் இம்மரத்தை 'விலாயதி கீகர்' என்பர். கீகர் என்பது கருவேல். விலாயதி என்பது சீமை. ஆகவே இரு மொழிகளிலும் பெயர் ஒன்றே. தொலைவிலிருந்து காண்போர்க்கு இது காடாகவே தோன்றும். ஆயினும் இதன் நிழலில் உள்நாட்டுப் புல்லும் செடியும் செழிப்பது அரிது. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. கால்நடைகள் காயைத் தின்று, விதையைச் சாணத்தின் வாயிலாகப் புதிய இடங்களில் பரப்புகின்றன. எனவே, பகுதி பகுதியாக இதனை அகற்றி, அவ்விடத்தில் ஆரவல்லிக்கே உரிய இனங்களை நடுவதென முடிவு செய்யப்பட்டது. முழுவதையும் ஒரே காலத்தில் அகற்றினால், எஞ்சிய மண்ணையும் மழை அடித்துச் சென்றுவிடும் என்பதைக் களப் பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இடத்திற்கேற்ற மரம்

எந்த மரம் நடத்தக்கது என்பதை அண்டையில் எஞ்சியுள்ள பழைய காடே அறிவிக்கும். குர்கானுக்கு அருகிலுள்ள மாங்கர் பனி ஒரு கோயிற்காடாகும். தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாமல் ஊரார் காத்து வந்தமையால், அங்குத் 'தவ்' என்னும் மரங்கள் இன்றும் அடர்ந்துள்ளன. தவ் நம் வெக்காலியின் இனத்தைச் சேர்ந்தது. பாறை வெடிப்பில் வேரூன்றும் ஆற்றல் உடையது. ஆடு மாடு கடித்தால் தரையோடு படர்ந்து கிடக்கும். காவல் கிடைத்தால் நிமிர்ந்து மரமாகும்.

குன்றின் எல்லாப் பகுதிக்கும் ஒரே மரம் பொருந்தாது. மண்ணற்ற பாறைச் சரிவிற்குத் தவ்வும், குந்திரிக்கப் பிசின் தரும் சாலை மரமும் ஏற்றவை. ஓரளவு மண் சேர்ந்த சமவெளிக்கு வெள்வேலும் புரசும் பொருந்தும். ஈரம் தங்கும் பள்ளங்களில் நீர்க்கடம்பும் மாவிலங்கமும் வளரும். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு இனங்கள் பூங்காவில் வளர்க்கப்பட்டுள்ளன.

இவற்றுள் பல வாணிக நாற்றங்கால்களில் கிடைப்பதில்லை. ஆதலால், காடுகளில் விதை திரட்டிப் பூங்காவிலேயே நாற்று வளர்க்க வேண்டியதாயிற்று. தவ் விதைகளில் பெரும்பாலானவை முளைப்பதில்லை; ஆகவே நிறைய விதை சேகரித்துப் பொறுமையுடன் முயல வேண்டும். இவ்வட்டாரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுகிறது. நடவு மழைத் தொடக்கத்தில் முடிந்தால் நாற்று வேர்பிடிக்கும். முதற் சில கோடைகளில் தண்ணீர் ஊற்றுவதும், கால்நடை புகாமல் காப்பதும் இன்றியமையாதவை. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடிருக்கும் கன்றுகளின் எண்ணிக்கையே பணியின் அளவுகோல்.

நடைபாதையின் பயன்

மக்கள் நுழையாத காட்டை மக்கள் காக்கமாட்டார். இப்பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளும் நகர மக்களும் நடவில் பங்கு கொண்டனர். பின்னர் அவர்களே நாள்தோறும் உலாவ வருவோராயினர். பலர் நடமாடும் இடத்தில் குப்பை கொட்டுவதோ மரம் வெட்டுவதோ எளிதன்று.

குவாரியில் பாதை அமைப்போர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். பாதை சரிவை நேராக வெட்டி ஏறாமல், சமமட்டத்தை ஒட்டி வளைந்து செல்ல வேண்டும். நேர் பாதை மழையில் வாய்க்காலாகிவிடும். பாதையின் பரப்பு வெளிப்புறமாகச் சிறிது சாய்ந்திருந்தால் நீர் தேங்காது. வெட்டுச்சுவரின் விளிம்பிலும் அடியிலும் பாதை போடலாகாது. தளர்ந்த கற்களை முன்னரே அகற்றி, நீர்க்குழிகளுக்கு வேலியோ சரிவான கரையோ அமைத்த பின்னரே பொதுமக்களை அனுமதிக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இத்தகைய இடம் ஒரு திறந்தவெளிப் பாடசாலையாகும். சீமைக் கருவேலின் அடியில் ஒரு மீட்டர் சதுரமும், உள்நாட்டு மரத்தின் அடியில் ஒரு மீட்டர் சதுரமும் கயிற்றால் குறித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று மாணவர் எண்ணலாம். மழைக்கு முன்னும் பின்னும் இதனைச் செய்து குறித்து வைத்தால், சில ஆண்டுகளில் பள்ளியிடமே பயனுள்ள விவரத் தொகுப்பு ஒன்று உருவாகும்.

இனிச் செய்ய வேண்டுவது

சரணாலயம் முதலிய பாதுகாக்கப்பட்ட பரப்புகளுக்கு வெளியே இருந்தும் உயிரினங்களைக் காக்கும் இடங்களைத் தனி வகையாக அங்கீகரிக்கும் உலகளாவிய முறை ஒன்று உண்டு. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா இவ்வகையில் இந்தியாவின் முதல் இடமாக அறிவிக்கப்பட்டது. எனினும் இவ்வங்கீகாரம் சரணாலயத்திற்குரிய சட்டக் காப்பைத் தானாக அளிப்பதில்லை. வளரும் நகரின் நடுவே உள்ள நிலத்தைச் சாலைக்கும் கட்டடத்திற்கும் கேட்போர் எப்பொழுதும் இருப்பர். பணம் கொடுத்து நாற்று வாங்கலாம். நிலத்தை இழந்தபின் காட்டை மீட்க இயலாது. எனவே, தம் வட்டாரத்தில் கைவிடப்பட்ட குவாரி உள்ள களப் பணியாளர்கள் முதலில் அந்நிலத்தின் உரிமையையும் எல்லையையும் பதிவேட்டில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். அடுத்து, அருகிலுள்ள பழைய காட்டின் மரங்களைக் கணக்கெடுத்து, ஊராரையும் பள்ளியையும் பணியில் சேர்த்துக் கொள்ள வேண்டும். நடவு இவற்றின் பின்னரே தொடங்கத்தக்கது.