தேரிக்காட்டுக் கோயில்கள் – 11: மலை இறங்கி வந்த ஐயர்

முதலூரையும், 1799-இல் அந்த ஊரை உண்டாக்கிய டேவிட் சுந்தரானந்தத்தையும் போன வாரமே பார்த்தாயிற்று. திரும்பச் சொல்லப் போவதில்லை. முதலூரைப் பற்றி எழுதிவிட்டு மஸ்கோத் அல்வாவை விட்டுவிட்டீரே என்று கோபித்துக்கொண்டவர்களுக்கு: அல்வாவுக்குத் தனி வாரம் உண்டு.

இந்த வாரம் இடையன்குடிக் கல்லறைத் தோட்டம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போகிற வழியில் இன்னொரு கல்லறை மறித்துக்கொண்டது. அது தோட்டத்தில் இல்லை, கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஜனங்கள் 'ஐயர்' என்று அழைக்கும் பிஷப் ராபர்ட் கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்தின் ஆல்டருக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டார். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இந்த இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்து நிற்கும். நடுவில் ஒரு மலை இருப்பதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை.

இன்று வத்தலக்குண்டு வழியாக பஸ் ஏறும் சாலை அன்றைக்குக் கிடையாது. அது போக்குவரத்துக்கு வந்தது முதல் உலகப் போர் சமயத்தில். 1891-இல் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்குவார்கள். இன்றைய கொடை ரோடு ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்துப் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். தோப்புக்கு மேலே ஒடுக்கமான மலைப்பாதைதான். துரைமார் குதிரையில் ஏறுவார்கள், துரைசானிகளை டோலியில் வைத்து ஆட்கள் தூக்குவார்கள். அரிசி மூட்டையிலிருந்து பியானோ வரை மேலே போன எல்லாமே மனிதத் தோளில் போனவைதான்.

எழுபத்தேழு வயதுப் பிஷப்பின் பெட்டியும் தோள்மேல்தான் இறங்கியிருக்க வேண்டும். முன்னால் போகிறவனுக்குப் பாரம் முழுக்கக் கழுத்தில் விழும். வளைவுக்கு வளைவு தோள் மாற்றிக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக 1876-லேயே திருநெல்வேலிக்கு ரயில் வந்துவிட்டது. ஆனால் இடையன்குடிக்கு அங்கிருந்து இன்னொரு வண்டிப்பயணம் பாக்கி. கடைசிப் பகுதி கணுக்கால் புதையும் செம்மணல். பெட்டியைத் தூக்கிய மலைக்கூலிகளின் பெயரைக் கால்டுவெல் பற்றிய எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இந்த வாரம் முழுக்க என் மனசு அவர்களிடம்தான் கிடந்தது.

கால்டுவெல் இந்தப் பக்கம் வந்ததே நடந்துதான். 1841-இல் சென்னையிலிருந்து கிளம்பி, நேர்வழியில் போகாமல் நீலகிரியில் ஏறி, ஊட்டியில் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு, மதுரை வழியாகத் தெற்கே இறங்கினார். அதற்கு முன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய கதை இன்னும் மோசம். அவர் ஏறிய மேரி ஆன் கப்பலும் பிரெஞ்சுக் கப்பலொன்றும் மோதிக்கொண்டன. கப்பலில் உடன்வந்தவர் தெலுங்கு அகராதி தொகுத்த பிரௌன்! இந்தக் கதையை விட்டால் தொடர் இடையன்குடிக்கே வராது. நிறுத்திக்கொள்கிறேன்.

ஐயர் அடக்கமான இடையன்குடிக் கோயிலுக்கு 1847-இல் கல் நாட்டினார்கள். பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6. முப்பத்துமூன்று வருஷம்! அஸ்திவாரம் போட்டபோது ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, பிரதிஷ்டைக்குத் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்து வந்திருக்கலாம். இதற்கிடையில் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்து, 1875-இல் திருத்திய இரண்டாம் பதிப்பும் கண்டுவிட்டது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஊரே காய்ந்தது. அதன் நடுவே பிஷப் பட்டமும் வந்தது. எல்லாவற்றையும் முந்தவிட்டுக் கோயில் நிதானமாக எழும்பிற்று. கூர்வளைவு ஜன்னல்களின் வேலைப்பாட்டை ஐயரே களிமண்ணில் செய்துகாட்டினார் என்பது ஊர்ப்பேச்சு.

கோயிலுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கல்லறை எங்கே என்று கேட்டேன். "கல்லறையா? நாங்க ராப்போசனத்துக்கு முழங்கால் போடுத எடத்துக்கு அந்தாலதான் அண்ணாச்சி ஐயர் படுத்திருக்காரு" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

என்னைப்போலவே ஐயருக்கும் கல்லறைப் பைத்தியம் உண்டு என்பது கூடுதல் சந்தோஷம். கொற்கையில் மண்ணைத் தோண்டி முதுமக்கள் தாழிகளைப் பார்த்தவர் அவர். 'இந்தியன் ஆன்டிகுவரி'யில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். சாவே வராமல் சுருங்கிப்போன கிழவர்களைப் பானைக்குள் வைத்துவிடுவார்கள் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் கதையையும் குறித்துவைத்தார்.

ஆனால் எல்லாக் கதையையும் அவர் இதே பரிவோடு எழுதவில்லை. 1849-இல் சாணார்களைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில், தம் கோயிலை நிரப்பிய மக்களையே இளக்காரமாகப் பேசியிருந்தார். மன்னிக்கத்தக்கதென்று எனக்குத் தோன்றவில்லை. ஜனங்களும் மன்னிக்கவில்லை. நாசரேத் பக்கத்துச் சட்டாம்பிள்ளை எதிர்த்து எழுதினார். 1857-இல் வெள்ளைக்காரச் சங்கங்களை உதறிவிட்டுப் பிரகாசபுரத்தில் தனிச்சபையே கண்டார். அடுத்த வாரம் அங்கேதான் போகிறோம். இடையன்குடிக் கல்லறைத் தோட்டம் அதற்கடுத்த வாரம்; இந்த முறை நிச்சயம்.

அதற்குள் ஓர் உதவி. பண்டிகை நெருங்கினால் நம் ஊர்களில் பழைய கல்லறைகளுக்குப் பெயின்ட் அடிப்பது வழக்கம். இரண்டு பூச்சில் வெட்டெழுத்து தூர்ந்துவிடுகிறது. உபதேசியார்கள், கோயில்பிள்ளைகள் பெயரெல்லாம் அப்படித்தான் போகிறது. உங்கள் சேகரத்தில் பிரஷ்ஷை எடுக்குமுன், ஒவ்வொரு கல்லையும் பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலை நேரத்தில் படம் எடுத்து, பெயரையும் வருஷத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நகலை ஆசிரியர் முகவரிக்கு அனுப்பினால் போதும்.